பிடிச்ச கொப்பை விடாத சீவன்

திருகோணமலையில பிறந்து வளந்த ஆரைக் கேட்டாலும் தேவாங்கு எண்டா என்னெண்டு தெரியும் எண்டுதான் சொல்லுவினம். மெலிஞ்சு போய் கண்ணை முழிச்சுக்கொண்டு நிக்கிற பொடியனைப் பாத்து "ஏன்டா தேவாங்கு மாதிரி நிக்கிறாய்" எண்டு ஏசாத வீடு இல்லை. ஆனா உண்மையான தேவாங்கைக் கண்ணால கண்ட ஆக்கள் எத்தினை பேர் எண்டு கேட்டா எல்லாரும் பேசாம இருப்பினம். இத்தனைக்கும் அது எங்கயோ நடுக்காட்டுக்குள்ள இருக்கிற சாமான் இல்லை. கன்னியாப் பக்கம், தம்பலகாமத்துப் பக்கம், பத்தையும் மரமும் வெட்டாம விட்டுவைச்சிருக்கிற வளவு ஓரங்களில எங்கட தலைக்கு மேலதான் இருக்கு. நாங்கள் ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிப்போட்டு ரீவிக்கு முன்னால இருக்கேக்க அது வேலைக்கு வெளிக்கிடுது, அவ்வளவுதான்.

வெளியூர்ல இருந்து வாறவைக்கு புறாத்தீவு வேணும், திமிங்கிலம் வேணும், கோணேசர் கோயிலுக்குப் போற வழியில பிரெட்ரிக் கோட்டைக்குள்ள திரியிற புள்ளிமானோட செல்ஃபி வேணும். தேவாங்கைக் காட்டுங்கோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. அது நல்லதுக்குத்தான் எண்டு சில நேரம் நினைக்கிறனான், ஏன் எண்டு கடைசியில சொல்லுறன்.

முதல்ல ஆள் ஆரெண்டு பாப்பம். இலங்கையில ரெண்டு வகை தேவாங்கு இருக்கு. ஒண்டு தென்மேற்குப் பக்கம் ஈர வலயத்துக் காட்டில இருக்கிற செந்தேவாங்கு, அது இலங்கையை விட்டா வேற எங்கயும் இல்லை. மற்றது சாம்பல் தேவாங்கு, எங்கட வறண்ட பக்கத்தில இருக்கிறது, தென்னிந்தியாவிலயும் இருக்கு. எங்கட வடக்குக் கிழக்குப் பக்கத்து ஆளைத் தனி உபஇனமாப் பிரிச்சு 1933இல பேர் வைச்சவர் ஒஸ்மன் ஹில் எண்டு கொழும்பு மருத்துவக் கல்லூரியில உடற்கூற்றியல் படிப்பிச்ச பேராசிரியர். மலைநாட்டில செந்தேவாங்கின்ர ஒரு உபஇனமும் இருக்கு. ஹோட்டன் சமவெளியில உள்ளதை அழிஞ்சு போச்சு எண்டே கனகாலம் நினைச்சுக்கொண்டு இருந்து, பிறகு 2010இலதான் அதின்ர முதல் படங்கள் உலகத்துக்கு வந்தது. எங்கட ஆளுக்கு அந்தளவு புகழ் இல்லை.

நிறை எண்டு பாத்தா, கடையில கால் கிலோ பருப்பு வாங்கினா அந்தப் பொதி என்ன பாரமோ கிட்டத்தட்ட அதுதான். வால் இல்லை. கையும் காலும் உடம்புக்குப் பொருத்தமில்லாத நீளம், ஒவ்வொண்டும் பென்சில் மொத்தம் கூட வராது. முகத்தில பாதி கண், கண்ணைச் சுத்திக் கரும் வட்டம், நடுவால மூக்கு நுனி வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. சொந்தக்காரர் எண்டு தேடினா மடகஸ்கார் லீமரும் ஆபிரிக்காவில இருக்கிற புஷ்பேபியும்தான் கிட்டவாற ஆக்கள், குரங்கு தூரத்து உறவு. கையைக் கிட்டப் பாத்தா சுட்டு விரல் நல்லா குட்டையாப் போய் கிடக்கு. பெருவிரல் ஒரு பக்கம் மற்ற விரலெல்லாம் எதிர்ப் பக்கம், இடையில நல்ல அகலம், அதாலதான் கொப்பைக் குறடு போட்ட மாதிரிப் பிடிக்குது. காலில ரெண்டாவது விரலில மட்டும் ஒரு கூர் நகம், அது சொறியிறதுக்கெண்டே உள்ளது, மற்ற எல்லாம் எங்கட நகம் மாதிரித் தட்டை நகம். கீழ்ப்பல்லு முன்னுக்கு நீட்டி நெருக்கமா இருக்கும், அதாலதான் மயிர் வாருறது. ஆளாளுக்கு வாரி விடுவினம், அதில ஒரு குறையும் இல்லை.

எனக்கு இதெல்லாம் கிட்டத்தில பாக்கக் கிடைச்சது கன்னியா ரோட்டில இருக்கிற எங்கட மாமான்ர வளவால. முன்னுக்கு வேம்பும் மாவும், பின்னுக்கு ஒரு விளாவும் ஒரு பெரிய புளியும், அதுக்கங்கால வெட்டாத காடு, பாலையும் வீரையும். வளவைச் சுத்தி கிளுவை வேலி, இடைக்கிடை பூவரசும் கிளிசரியாவும், அதுக்கு மேல என்னென்னவோ கொடியெல்லாம் ஏறி, வேலி எண்டு சொல்லுறதை விட நீளமான ஒரு பத்தை எண்டுதான் சொல்லவேணும். மாமி அதைப் பாத்துப் பாத்து ஏசுவா, பாம்பு வரும் எண்டு. மாமா கேக்கிற ஆள் இல்லை.

தேவாங்கு பாக்கிறதுக்கு மாமாட்ட ஒரு முறை இருக்கு. ரோச் லைற்றுக்கு முன்னால சிவப்புக் கண்ணாடித்தாளை ரெண்டு மடிப்பா மடிச்சு ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டுவார். வெள்ளை வெளிச்சத்தை நேரா அடிச்சா அதுக்குக் கண் கூசி விறைச்சுப் போகும், சிவப்பு வெளிச்சத்தை அவ்வளவு கணக்கெடுக்காது. ஆராய்ச்சிக்காரரும் சிவப்பு வெளிச்சத்தோடதான் போறவை. கண்ணுக்குப் பின்னால வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கிறதால இருட்டுக்குள்ள முதல்ல தெரியிறது கண்தான், தணல் நிறத்தில ரெண்டு புள்ளி, அதுவும் ரெண்டும் முன்னுக்குப் பாத்தபடி பக்கத்தில பக்கத்தில இருக்கும். மரநாயின்ர கண்ணும் மினுங்கும்தான், ஆனா அது நிண்டு பாக்காது, ஓடிரும். தேவாங்கு நிண்டு பாக்கும். நாங்கள் ஆடாம நிண்டா கொஞ்ச நேரத்தில எங்களை மறந்துபோட்டுத் தன்ர அலுவலைப் பாக்கும்.

ஒரு நாள் வேலியில, தலைக்கு ஒரு முழம் மேல, அது வேட்டையாடினதை முழுசாப் பாத்தம். "பிள்ளை, மூச்சுக் காட்டாத" எண்டு மாமா காதுக்குள்ள சொன்னார். பூவரசங் கொப்பில ஒரு பச்சை வெட்டுக்கிளி, தேவாங்கு ஒரு கை நீளத்துக்கு இங்கால. அது நடந்ததை நடை எண்டு சொல்லேலாது. ஒரு கையை நீட்டி அடுத்த கொப்பைப் பிடிக்கும், பிடி இறுகின பிறகுதான் பின்னங் காலை விடும், அந்தக் காலை முன்னுக்குக் கொண்டுவந்து இறுக்கின பிறகுதான் மற்றக் கையை விடும், ஒரு இலை கூட ஆடேல்ல. இடையில வெட்டுக்கிளி மீசையை ஆட்டினா அந்தக் கணமே இது கையை அந்தரத்தில வைச்சபடி நிண்டிரும். கை உளையாதா எண்டு நாங்கள் யோசிப்பம், அதுக்கு உளையாது. கை கால் இரத்தக் குழாய்கள் ஒண்டா இல்லாம பல நுண்ணிய குழாயாப் பிரிஞ்சு பின்னிக்கொண்டு போறதால மணிக்கணக்காப் பிடிச்சுக்கொண்டு இருந்தாலும் தாங்கும் எண்டு சொல்லுறாங்கள். கடைசியில ரெண்டு காலாலயும் கொப்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு உடம்பை முழுசா முன்னுக்கு எறிஞ்சு ரெண்டு கையாலயும் அமத்திச்சு பாருங்கோ, அவ்வளவு நேரம் ஊர்ந்த சீவன் அது எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம். தலையைத்தான் முதல் கடிச்சது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கறுக்கு கறுக்கெண்டு சப்பிச்சு, அந்தச் சத்தம் கீழ எங்களுக்கு நல்லாக் கேட்டது. காலும் செட்டையும் கொஞ்சம் கீழ விழுந்தது, மற்றதெல்லாம் உள்ள போயிற்று.

அதைத்தான் சனம் சோம்பேறி எண்டு சொல்லுது. அவசரம் வந்தா கொப்பு வழிய நல்ல வேகமாப் போகக்கூடிய ஆள், வேணுமெண்டுதான் மெதுவாப் போகுது. பழத்தையோ இலையையோ பாத்து ஊர்ந்து போகவேண்டிய தேவை இல்லை, அது ஓடி ஒளியாது. இது தின்னுறது முழுக்க உயிருள்ள சாமான். எறும்பு, கறையான், வண்டு, வெட்டுக்கிளி, இடைக்கிடை பல்லி. திண்டுக்கல் மாவட்டத்தில அய்யலூர்ப் பக்கம் ஆனா நெக்காரிஸ் எண்ட ஆராய்ச்சியாளர் இரவிரவாப் பின்னால திரிஞ்சு பாத்ததில அதின்ர சாப்பாடு கிட்டத்தட்ட முழுக்கவே சின்னச் சின்ன உயிர்தான் எண்டு எழுதியிருக்கிறா. கடிக்கிற எறும்பு, நாத்தம் அடிக்கிற வண்டு, மற்ற மிருகம் வாயில வைக்காததெல்லாம் இதுக்குத் தீன்.

இன்னொரு பழக்கம் இருக்கு, சொன்னா முகம் சுளிப்பியள். கையில மூத்திரம் பெய்து அதைக் காலிலயும் முகத்திலயும் பூசும். மாமி இதைக் கேட்ட நாளில இருந்து தேவாங்கு எண்டாலே மூக்கைப் பொத்துறா. ஆனா காரணம் இருக்கு. தான் போன வழியில தன்ர மணத்தை விட்டுப் போறது ஒண்டு, மற்றது எறும்பு திண்டதுக்குப் பிறகு இது அதிகமா நடக்கிறதால கடிச்ச எரிவு தணியத்தான் பூசுது எண்டும் ஒரு கருத்து இருக்கு. நாங்கள் சின்னனில குளவி குத்தினா சுண்ணாம்பு பூசினனாங்கள்தானே, ஆளுக்கு ஆள் ஒரு மருந்து.

பகலில அதைத் தேடிப் போகாதேங்கோ, கண்டுபிடிக்கேலாது. கூடு கட்டுறேல்ல. முள்ளும் கொடியும் பின்னின இடமாப் பாத்து, தலையைக் கவட்டுக்குள்ள செருகி உருண்டையாச் சுருண்டு படுத்திரும். சில நேரம் ரெண்டு மூண்டு நாலு பேர் ஒண்டோட ஒண்டு பின்னிக்கொண்டு ஒரே உருண்டையாக் கிடப்பினம், எந்தக் கை ஆரின்ர கை எண்டு தெரியாது. பொழுது படேக்க எழும்பி ஆளை ஆள் வாரி விட்டுட்டு பிறகு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கம் போவினம். இரவில தனியத்தான் வேட்டை, ஆனா தொடர்பு விட்டுப் போறேல்ல. மெல்லிய சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், முக்கியமா பொழுது படேக்கயும் விடியக் கிட்டவும் கேக்கும். கேக்கிற ஆக்கள் அதைக் குருவி எண்டு நினைச்சுப்போட்டுப் படுப்பினம்.

குட்டி ஒண்டு அல்லது ரெண்டு. வயித்தில கிட்டத்தட்ட அஞ்சரை மாசம் சுமக்குது, கால் கிலோச் சீவனுக்கு அது சரியான நீளம். பிறந்த முதல் கிழமைகளில தாயின்ர வயித்தைப் பிடிச்சுக்கொண்டு தொங்கும். ஒரு மாசம் அளவில தாய் பொழுது பட ஒரு கொப்பில குட்டியை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பாடு தேடப் போயிரும், விடியிறதுக்கு முன்னம் வந்து தூக்கிக்கொண்டு போகும். இதை நான் இங்க கொஞ்சம் உரத்துச் சொல்லவேணும். வேலிக் கொப்பில தேவாங்குக் குட்டி ஒண்டு தனிய இருக்கிறதைக் கண்டா அது அநாதை இல்லை. பாவமெண்டு வீட்டை கொண்டுபோய் பெட்டிக்குள்ள பஞ்சு போட்டு வைச்சுப் பால் பருக்காதேங்கோ. தாய் வரும். நீங்கள் தூக்கினாத்தான் அது அநாதை. நிலத்தில அடிபட்டுக் கிடந்தா அது வேற கதை, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992க்கு அடிச்சுச் சொல்லுங்கோ. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ பாதுகாக்கப்பட்ட மிருகம், வீட்டில வைச்சிருக்கிறதே குற்றம்.

வளக்கிறது எண்டதும் நினைவுக்கு வருது, இணையத்தில ஓடித் திரியிற அந்த வீடியோ, கிச்சு மூட்ட ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு இருக்கிற குண்டு மிருகம், அதைப் பாத்திட்டு "எங்கட தேவாங்கு" எண்டு பகிர்ந்த ஆக்கள் கனபேர். அது எங்கட ஆள் இல்லை, தென்கிழக்காசியாப் பக்கத்து வேற வகை, கையைத் தூக்கிறது சந்தோசத்தில இல்லை பயத்தில, முழங்கையில விசம் சுரக்கிற இடம் இருக்கு அதுக்கு. எங்கட தேவாங்குக்கு விசம் இல்லை. ஆனா பயந்தா அதுவும் நடிக்கும். 1905இல ஜோன் ஸ்டில் எண்ட வெள்ளைக்காரர் இலங்கையில தான் வளத்த தேவாங்கு பூனையைக் கண்டு சீறினது நாகபாம்பு சீறினது மாதிரி இருந்தது எண்டு எழுதி வைச்சிருக்கிறார்.

பழைய காலத்தில இதுக்கு மனிசர் செய்த கொடுமையை வாசிச்சா வயித்தைப் பிரட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில இங்க காலனித்துவச் செயலாளரா இருந்த எமர்சன் டெனன்ட், தேவாங்கின்ர கண்ணில இருந்து வசிய மருந்து எடுக்கிறதுக்காக அதை நெருப்புக்குக் கிட்டப் பிடிப்பினம் எண்டு பதிஞ்சு வைச்சிருக்கிறார். இந்தக் கண்ணைப் பாத்து அப்பிடி ஒரு யோசினை எப்பிடி வந்தது எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல. தமிழ்நாட்டுப் பக்கம் சோசியத்துக்குச் சீட்டு எடுக்கவும் வைச்சிருந்தவை. அதே தமிழ்நாட்டில 2022 ஒக்டோபரில கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில 11,806 ஹெக்டேயர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் எண்டு அறிவிச்சதையும் சொல்லத்தான் வேணும்.

இண்டைக்கு எங்கட பக்கத்தில இதைக் கொல்லுறது வசிய மருந்துக்காரர் இல்லை. மேல வேட்டையைப் பற்றி எழுதேக்க ஒண்டு சொன்னனான், முன் பிடி இறுகாம பின் பிடியை விடாது எண்டு. தேவாங்கு பாயாது. குரங்கு பாயும், அணில் பாயும், இது பாயவே பாயாது. ரெண்டு கொப்புக்கு இடையில வெளி இருந்தா பின்னங் காலாலப் பிடிச்சுக்கொண்டு உடம்பை நீட்டி எட்டிப் பிடிச்சுப் பாலம் மாதிரி நிக்கும், பிறகு கடக்கும். இந்தப் பழக்கம்தான் அதை விழாம இவ்வளவு காலம் வைச்சிருந்தது. இப்ப அதைக் கரண்ட் கம்பியில வைச்சு யோசிச்சுப் பாருங்கோ. காகம் ஒரு கம்பியில வந்து குந்துது, ஒண்டும் நடக்கிறேல்ல. தேவாங்கு ஒரு கம்பியில இருந்து அடுத்த கம்பிக்குப் போகேக்க முதல் கம்பியை விடாமலே ரெண்டாவதைப் பிடிக்கும். அவ்வளவுதான், முடிஞ்சுது. தாய் எண்டா வயித்தில தொங்குற குட்டியும் சேத்து. கன்னியா ரோட்டில மழைக்குப் பிறகு ஒரு காலமை நான் கண்டது அப்பிடித்தான், கை இன்னும் கம்பியைப் பிடிச்சபடி. இப்ப புதுசா இழுக்கிற இடங்களில கறுப்பு உறை போட்டு முறுக்கின வயர் போடுறாங்கள், அதில ஏறி நடந்தாலும் ஒண்டும் செய்யாது. மரக் கூடலுக்குள்ளால போற பழைய வெறுங் கம்பிதான் பிரச்சினை.

அது ஏன் கம்பிக்கு ஏறுது எண்டு கேட்டா பதில் வேலியில இருக்கு. ஒரு வளவில இருந்து அடுத்த வளவுக்குப் போக முந்தி வேலி இருந்தது. கிளுவையில ஏறினா பூவரசு, பூவரசில இருந்து அடுத்தவன்ர கிளிசரியா, அங்கயிருந்து முருங்கை, அப்பிடியே காட்டு ஓரம் வரைக்கும் நிலத்தில கால் வைக்காமப் போகலாம். 1990இல சனம் இடம்பெயர்ந்து வளவெல்லாம் பத்தையாக் கிடந்த காலத்தில சீட்டிச் சத்தம் கிணத்தடி வரைக்கும் கேட்டது எண்டு மாமா சொல்லுவார். திரும்பி வந்த சனம் வளவு துப்புரவாக்கினது பிழையில்லை, பாம்பும் கிடந்தது, கண்ணிவெடிப் பயமும் இருந்தது. ஆனா அதுக்குப் பிறகு வெளிநாட்டுக் காசு வர வர ஒவ்வொரு வேலியும் மதிலாப் போச்சு. பூசின மதிலில அந்தக் கை பிடிக்க ஒண்டுமில்லை. அப்ப அது ஒண்டில் நிலத்தில இறங்கவேணும், நாயும் பூனையும் வாகனமும் இருக்கு, இல்லாட்டி மேல கம்பி.

மதில் கட்டுறவையை நான் குறை சொல்ல வரேல்ல. வேலி எண்டா ஒவ்வொரு வருசமும் கதியால் நடவேணும், அடைக்கவேணும், ஆள் கூலி இருக்கு. ஆடு மாடு வளக்கிற வீட்டில குழைக்கு வேலி வேணும், மற்ற வீட்டில அது தலையிடிதான். ஆனா வளவின்ர பின் பக்கம், காடு பாத்த பக்கம், அதையாவது விடலாம். மதில் கட்டினாலும் மதிலோட ஒரு வரிசை பூவரசு நட்டா கொப்பு தொடர்ந்து போகும். மரத்தைக் கம்பிக்கு முட்டாம வெட்டேக்க மற்றப் பக்கம் அடுத்த மரத்தோட முட்ட விடலாம். இதுக்கு ஒரு திட்டமும் நிதியும் தேவையில்லை. மாமா தன்ர புளிக்கும் ஒழுங்கைக்கு அங்கால நிக்கிற வேம்புக்கும் இடையில மொத்தக் கயிறு ஒண்டு இழுத்துக் கட்டியிருக்கிறார். இப்பத்தைக்கு அணிலும் எலியும்தான் சந்தோசமாப் போய் வருது. மாமி அதுக்கும் ஏசுறா.

பாக்கிற ஆசை வந்தவை எங்கட பக்கம் வந்தா ஒண்டு மட்டும் கேக்கிறன். சிவப்பு வெளிச்சம், சத்தமில்லை, பிளாஷ் அடிக்காம, கிட்டப் போகாம. இதுக்காகத்தான் மேல சொன்னனான் ஒருத்தரும் கேக்காம இருக்கிறது நல்லதெண்டு. பொலன்னறுவைப் பக்கம், சிகிரியாப் பக்கம் ஹோட்டல்காரர் இரவு நடை எண்டு கூட்டிக்கொண்டு போறாங்கள், ஒழுங்காச் செய்யிற ஆக்களும் இருக்கினம், முகத்தில வெள்ளை லைற் அடிச்சு வைச்சுக்கொண்டு படம் எடுக்க விடுற ஆக்களும் இருக்கினம். காடு பாத்த இடமெண்டா யானையும் வரும், உள்ளூர் ஆள் இல்லாமப் போகாதேங்கோ. கச்சான் காத்து அடிக்கிற காலத்தில இலை ஆடுற சத்தத்துக்க ஒண்டும் கேக்காது, காத்து ஓய்ஞ்ச இரவாப் பாத்துப் போகவேணும்.

மாமான்ர பக்கத்து வளவு அண்ணை போன வருசம் சுத்தி மதில் கட்டப் போறன் எண்டு நூல் பிடிச்சு, மூலைக்குக் கட்டையும் அடிச்சு வைச்சவர். மாமா போய் தேவாங்குக் கதை, கொப்புக் கதை, கம்பிக் கதை எல்லாம் சொல்லியிருக்கிறார். அவர் முழுக்கக் கேட்டிட்டு, "அதெல்லாம் சரி அண்ணை, ஆனா நான் நிப்பாட்டினது சீமெந்து விலையால" எண்டாராம்.